பழக்கன்றில் பூச்சி: அறிகுறியைப் பார்த்து ஆளைப் பிடிப்பது

மருந்துக் கடைக்குப் போய் "மாங்கன்றில் பூச்சி விழுந்திருக்கு" என்று சொன்னால் எந்தப் பூச்சி என்று யாரும் கேட்பதில்லை. கை தானாகப் பின்னால் போய் ஒரு பாட்டிலை எடுத்துவிடும். நானும் அப்படி இரண்டு முறை வாங்கி வந்தவன்தான். ஒரு பாட்டிலில் சிவப்பு முக்கோணம் போட்டிருந்தது. அது நஞ்சு அதிகம் உள்ள மருந்துகளுக்குப் போடும் அடையாளம் என்று வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. பேரப்பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அதை அடிக்க மனசு வரவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோயம்புத்தூர் பக்கம் பத்து சென்ட் இடம். மா மூன்று, கொய்யா இரண்டு, எலுமிச்சை இரண்டு. சப்போட்டா, மாதுளை, சீத்தா, நெல்லி ஒவ்வொன்று. எல்லாம் ஒட்டுக்கன்றாகவோ பதியன் கன்றாகவோ வந்தவை. இவற்றோடு எட்டு வருஷம் மல்லுக்கட்டியதில் புரிந்துகொண்டது ஒன்றுதான். வளர்ந்த மரத்துக்கு நூறு இலை போனால் தெரியாது, கன்றுக்கு மொத்தமே நூறு இலைதான். ஆனாலும் கன்றைக் கொல்லக்கூடிய பூச்சிகள் நாலைந்துதான். மற்றதெல்லாம் கொழுந்து இருக்கும் வரை இருந்துவிட்டு, இலை முற்றியதும் கிளம்பிவிடும். எது எந்த ரகம் என்று தெரிந்துவிட்டால் பாதி நாள் தண்ணீர்க் குழாயும் கத்தரிக்கோலும் போதும்.

முதலில் எங்கே பார்ப்பது

கன்றுக்கு முன்னால் நின்றால் கண் நேராக ஓட்டை விழுந்த இலைக்குத்தான் போகும். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் குனிந்து மண்ணையும் தண்டின் அடியையும் பாருங்கள். பிறகு தண்டு, கிளை பிரியும் கவட்டை, அதன் பிறகு கொழுந்து, கடைசியாக இலையின் அடிப்பக்கம். வேரிலும் தண்டிலும் இருப்பது அவசர வேலை, அன்றைக்கே செய்ய வேண்டும். இலையில் இருப்பது ஒரு நாள் பொறுக்கும்.

பகலில் ஒன்றுமே தென்படவில்லை, ஆனால் தினமும் இலை குறைகிறது என்றால் ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு போங்கள். வண்டுகளில் பல இருட்டில் வந்து மேய்கிறவை.

தண்ணீர் ஊற்றியும் கன்று மொத்தமாக வாடுகிறது

இலையில் கடி இல்லை, தண்டில் ஓட்டை இல்லை, மண் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கன்று தொங்குகிறது. தண்டைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். பல் ஆடுவது போல ஆடினால் வேரில் ஆள் இருக்கிறது.

கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, கையால் மண்ணைப் பறித்துப் பாருங்கள். மண்வெட்டி வேண்டாம், மிச்சமிருக்கும் வேரையும் வெட்டிவிடும். அரை நிலா போல வளைந்து, பழுப்புத் தலையும் முன்பக்கம் ஆறு கால்களுமாக வெள்ளைப் புழு கிடைத்தால் அது வேர்ப்புழு. கோடையில் முதல் மழை பெய்த சாயங்காலம் விளக்கைச் சுற்றி மோதி விழும் பழுப்பு வண்டுகளின் பிள்ளைகள்தான் இவை.

எருக்குழியிலும் இதே மாதிரி வெள்ளைப் புழு கிடைக்கும். ஒன்றை எடுத்துச் சமமான தரையில் விடுங்கள். மல்லாந்து படுத்து, கால்களை மேலே வைத்துக்கொண்டு முதுகால் ஊர்ந்து போனால் அது பூவண்டின் புழு. மக்கியதைத் தின்று எருவாக்கும், வேரைத் தொடாது, அதைத் திரும்பக் குழியிலேயே போட்டுவிடுங்கள். ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தால் வேர்ப்புழுவாகவோ காண்டாமிருக வண்டின் புழுவாகவோ இருக்கும், அதைக் கோழிக்குப் போடலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் முதல் வருஷம் நல்ல புழுக்களை வாளி வாளியாகக் கோழிக்குக் கொடுத்திருக்கிறேன். கோழிக்கு அதில் வருத்தமில்லை.

வேர்ப்புழு வரக் காரணம் பெரும்பாலும் நாமேதான். கன்று நடும்போது பாசத்தில் அரைகுறையாக மக்கிய சாணத்தைக் குழியில் கொட்டுகிறோம். புழுவும் முட்டையும் அதோடேயே வந்துவிடுகின்றன. நன்றாக மக்கி, கையில் எடுத்தால் மண் வாசம் வரும் எருவை மட்டும் போடுங்கள். அதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். புழு அதிகம் என்றால் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணமே மருந்தாகக் கிடைக்கிறது. எருவில் கலந்து ஈரத்தோடு இட்டால் புழுவின் உடம்பிலேயே முளைத்து அதைக் கொல்லும்.

வேரில் புழு இல்லை, ஆனால் அடித்தண்டில் மண் பூச்சு பூசியது போல இருக்கிறதா? கரையான். பயப்படும் முன் அந்த மண்ணைச் சுரண்டுங்கள். உள்ளே பட்டை பச்சையாக இருந்தால் கரையான் காய்ந்த மேல்தோலை மட்டும் தின்றிருக்கிறது, சுரண்டிவிட்டுத் தண்ணீர் ஒழுங்காக விட்டாலே போதும். பட்டை போய்க் கட்டை தெரிந்து, அது தண்டைச் சுற்றிவர இருந்தால்தான் ஆபத்து. கரையான் ஈரம் இல்லாத கன்றைத்தான் தேடி வரும். மூடாக்குப் போடுவது நல்லதுதான், ஆனால் தென்னை மட்டையையும் காய்ந்த குச்சியையும் தண்டோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள். ஒட்டுக்கன்றுக்கு ஊன்றிய மூங்கில் குச்சியையும் பிடுங்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கரையான் அந்தக் குச்சி வழியாகத்தான் ஏறியது.

தண்டில் மரத்தூள், பிசின், அல்லது நூலாம்படை

இவை இரண்டு வேறு ஆட்கள்.

ஓட்டையிலிருந்து மரத்தூள் கொட்டுகிறது, பிசின் வடிகிறது, அந்தக் கிளை மட்டும் மஞ்சளாகிறது என்றால் தண்டு துளைப்பான். மாவில் இது நீண்ட உணர்கொம்புள்ள பெரிய வண்டின் புழு. கட்டைக்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்து குடைந்துகொண்டே போகும். கன்றுக்கு இருப்பதே ஒரு தண்டு என்பதால் இதற்கு நாளை என்று தள்ளிப் போடக் கூடாது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியைக் கொக்கி போல வளைத்து ஓட்டைக்குள் விடுங்கள். தூளெல்லாம் வெளியே வந்த பிறகு, கம்பி மெத்தென்று ஒன்றில் முட்டும். திருகி இழுத்தால் கம்பி நுனியில் வெள்ளைச் சாறு ஒட்டி வரும், அப்படி வந்தால் வேலை முடிந்தது. சில சமயம் புழுவே முழுசாக வரும். பிறகு ஓட்டையைக் களிமண் வைத்து அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து பாருங்கள். புதிதாகத் தூள் விழுந்திருந்தால் இன்னொரு வாசல் இருக்கிறது, தேட வேண்டியதுதான்.

மற்றொன்று பட்டை தின்னும் புழு. கொய்யா, நெல்லி, சப்போட்டா, மா எதையும் விடாது. கவட்டையில் தொடங்கித் தண்டின் மேல் ரிப்பன் ஒட்டியது போல, பட்டுநூலும் புழுக்கையும் பட்டைத்தூளும் கலந்த ஒரு கூரை ஓடும். பகலில் கவட்டையில் உள்ள சின்னப் பொந்தில் தூங்கிவிட்டு, ராத்திரி இந்தக் கூரைக்கு அடியில் நடந்து போய்ப் பட்டையைத் தின்று திரும்பும். பழைய டூத்பிரஷ்ஷால் கூரையை முழுக்கத் துடைத்து எடுங்கள், பொந்து தெரியும். கம்பியை விட்டுக் குத்துங்கள், ஒரு பொந்துக்குப் பெரும்பாலும் ஒரு புழுதான். குத்த முடியாத கோணல் பொந்து என்றால் பஞ்சில் மண்ணெண்ணெய் நனைத்து உள்ளே திணித்து மண் வைத்துப் பூசிவிடுவார்கள். கன்றின் இளம் பட்டையில் மண்ணெண்ணெய் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாங்கொழுந்து கத்தரித்து விழுந்து கிடக்கிறது

காலையில் போய்ப் பார்த்தால், செம்பு நிறத்தில் பளபளவென்று வந்திருந்த தளிர் இலைகள் தரையில் கிடக்கின்றன. கத்தரிக்கோலால் வெட்டியது போல நேர் கோட்டில் வெட்டு. கிளையில் காம்பும் கால் அங்குல இலைத் துண்டும் மட்டும் மிச்சம். முதன்முறை பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பையன்மேல் சந்தேகப்பட்டேன். பாவம், அவன் அந்த வாரம் ஊரிலேயே இல்லை.

இது இலை வெட்டும் கூன்வண்டு. உளுந்து அளவுதான் இருக்கும், நீண்ட மூக்கு, தொட்டால் செத்தது போலக் கீழே விழும். தாய் வண்டு தளிர் இலையின் நடு நரம்பை ஒட்டி முட்டைகளை வைத்துவிட்டு, அந்த இலையை அடியில் வெட்டித் தரையில் தள்ளும். விழுந்த இலைக்குள் புழு பொரிந்து, அதையே தின்று வளர்ந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். ஆக, நீங்கள் பார்த்துக் கவலைப்படும் கிளையில் இனி ஒன்றும் இல்லை. அடுத்த தலைமுறை முழுக்கத் தரையில் கிடக்கிறது.

அதனால் வைத்தியம் விளக்குமாறுதான். விழுந்த இலைகளை அன்றைக்கே கூட்டி எரித்துவிடுங்கள், அல்லது பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், அங்கேயும் அது பொரியும். துளிர் விடும் பத்துப் பதினைந்து நாளும் இந்தக் கூட்டலைச் செய்தால் அடுத்த துளிருக்குத் தொல்லை வெகுவாகக் குறையும். தளிர் வரத் தொடங்கியவுடன் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்து வைத்தால் தாய் வண்டு முட்டை வைக்கத் தயங்கும். இலை பச்சையாகித் தடித்துவிட்டால் அதன் பல்லுக்கு ஏறாது.

எலுமிச்சைக் கன்றில்

எலுமிச்சைக்கு மட்டும் தனியாக ஒரு பகுதி வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் இதைப் போல எல்லாப் பூச்சிக்கும் பிடித்த கன்று வேறில்லை.

இலையில் வெள்ளிக் கம்பி போல வளைந்து வளைந்து கோடு போகிறது, இலை சுருள்கிறது என்றால் இலைத்துளைப்பான். இலைத் தோலுக்கு அடியில் ஒரு நூல் தடிமனில் புழு மேய்ந்துகொண்டு போவது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோட்டின் நுனியில் மஞ்சளாகத் தெரியும். புழு தோலுக்கு உள்ளே இருப்பதால், மேலே எதை அடித்தாலும் பாதிதான் போய்ச் சேரும். சுருண்ட இலையை எல்லாம் கிள்ளிப் போடுவதும் தப்பு. பாதிப் பச்சை இருந்தாலும் அது கன்றுக்குச் சோறு போடுகிற இலை. கிள்ளினால் கன்று மறுபடி துளிர்க்கும், அந்தத் துளிருக்கு மறுபடி பூச்சி வரும். துளிர் ஒரு விரல் நீளம் இருக்கும்போதே வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று தடவை தெளிப்பதுதான் பலன் தரும். யூரியாவை அள்ளிப் போடாமல் இருப்பது அதைவிட நல்லது. யூரியா போட்டால் ஓயாமல் கொழுந்து, கொழுந்து இருந்தால் ஓயாமல் பூச்சி.

இலை விளிம்பிலிருந்து நடு நரம்பு வரை தின்று தீர்க்கப்பட்டிருக்கிறதா? இலை மேல் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும், குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி, அழுகிய எலுமிச்சை போல ஒரு வாடை விட்டால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்ன வயதில் எச்சம் மாதிரி, கடைசியில் பச்சையாக இலையோடு இலையாக. நாலு புழு இருந்தால் முழங்கால் உயரக் கன்றை ஒரு வாரத்தில் மொட்டை அடித்துவிடும். கையால் பொறுக்குவதைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. கொழுந்தில் ஒற்றை ஒற்றையாக மஞ்சள் முத்து போல முட்டை இருக்கும், அதை விரலால் தடவினால் போதும். கொல்ல மனசு வராவிட்டால், வளர்ந்த கருவேப்பிலை மரமோ வில்வ மரமோ இருந்தால் அதில் கொண்டுபோய் விடுங்கள், அங்கே வளரும். எங்கள் வீட்டம்மா அப்படித்தான் செய்கிறார். கருவேப்பிலை மரத்துக்கு அது தெரியாது.

மூன்றாவதுதான் நான் பயப்படுவது. கொழுந்து நுனி முறுக்கிக்கொண்டு, அதில் மஞ்சள் நிறக் குட்டிப் பூச்சிகள், அவற்றின் வாலில் வெள்ளை மெழுகு நூல். பக்கத்தில் கொசு அளவில் பெரியவை, தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும். இது சில்லிடு. சாறு குடிப்பது பெரிய விஷயமில்லை, ஆனால் எலுமிச்சை இனத்தைக் கொல்லும் பசுமையாதல் நோயை மரத்துக்கு மரம் கொண்டுபோவது இதுதான். அந்த நோய் வந்த மரத்தைக் காப்பாற்ற வழியில்லை. இந்தக் கொழுந்தை மட்டும் தயங்காமல் கிள்ளி எரித்துவிடுவேன், மீதிக்கு வேப்பெண்ணெய் அல்லது மீன் எண்ணெய் சோப்புக் கரைசல். பக்கத்தில் கருவேப்பிலைச் செடி இருந்தால் அதன் கொழுந்தையும் பாருங்கள், சில்லிடு அதிலும் குடியிருக்கும்.

பஞ்சு ஒட்டியது போல வெள்ளை

கொய்யா, சீத்தா, மாதுளை மூன்றிலும் வரும். வெள்ளை என்று பார்த்ததும் மாவுப்பூச்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இலையின் அடியில் சுருள் சுருளாக, கோலம் போட்டது போல வெள்ளை மெழுகு வட்டம் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. கிளையை அசைத்தால் சின்ன வெள்ளைப் பூச்சிகள் எழும்பிப் பறக்கும். இந்தியாவில் முதலில் 2016இல் பொள்ளாச்சியில் தென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தென்னையோடு நிற்கவில்லை, கொய்யாவும் வாழையும் மாவும் அதற்குச் சோறுதான். இதற்கு நான் செய்வது, குழாயில் விரலை வைத்து அழுத்தி, இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சுவது. மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரம். பழைய டின்னில் மஞ்சள் பெயின்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவி, கன்றின் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டால் பறக்கிறவை வந்து ஒட்டும்.

தண்டு மூட்டுகளிலும் காய்க் காம்பிலும் மாவு அப்பியது போல இருந்து, விரலால் நசுக்கினால் பிசுபிசுவென்று சாறு வந்தால்தான் மாவுப்பூச்சி. நசுக்கும் முன் ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சிகளுக்கு நடுவே அவற்றைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளைத் தொங்கல்களோடு, சுறுசுறுப்பாக நடக்கும் ஒன்று இருக்கிறதா? அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குட்டி. மாவுப்பூச்சி வேஷத்தில் வந்து மாவுப்பூச்சியைத் தின்னும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பொறிவண்டு இது. "இது ராட்சஸ மாவுப்பூச்சி" என்று நான் சீத்தாக் கன்றிலிருந்து ஒரு டம்ளர் நிறையப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். அந்த வருஷம் மாவுப்பூச்சி தீபாவளி வரை கன்றை விட்டு இறங்கவில்லை.

பப்பாளி வளர்த்தவர்களுக்கு 2008 நினைவிருக்கும். இந்தியாவில் பப்பாளி மாவுப்பூச்சி கோவையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. மல்பெரி, மரவள்ளி, பப்பாளி என்று எல்லாம் வெள்ளையாகி, என்ன மருந்து அடித்தும் அடங்கவில்லை. மருந்து அடித்த இடத்தில் இன்னும் கூடியது, ஏனென்றால் மெழுகுக்கு அடியில் இருந்த மாவுப்பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைத் தின்ன வந்தவைதான் செத்தன. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோபேகஸ் என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது.

கன்றில் மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் டூத்பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்துவிடுங்கள். ரொம்ப இருந்தால் அந்த நுனியை வெட்டி எரியுங்கள். அப்புறம் எறும்பைக் கவனியுங்கள். எறும்பு மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக அதைப் பசு மாதிரி காவல் காக்கும், பொறிவண்டு வந்தால் விரட்டும். தண்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் டேப் நாலு விரல் அகலத்துக்குச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். கிரீஸை நேராகப் பட்டையில் தடவாதீர்கள், இளம் பட்டை வெந்துவிடும். புல்லோ ஊன்றுகுச்சியோ இலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அதைப் பாலமாக்கிக்கொள்ளும், அதையும் வெட்டிவிடுங்கள். தண்டு பருத்ததும் டேப்பைத் தளர்த்திக் கட்ட மறக்காதீர்கள்.

இலை மேல் கரி பூசினது போல

இது பூச்சி இல்லை, நோயென்றும் சொல்ல முடியாது. மேலே எங்கோ உட்கார்ந்து சாறு குடிக்கும் பூச்சி, இனிப்பு நீரைக் கீழே சிந்துகிறது. அதன் மேல் கரும்பூசணம் வளர்கிறது. கரி படிந்த இலைக்கு நேர் மேலே உள்ள இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், குற்றவாளி அங்கே இருக்கும். வெள்ளை ஈ, அசுவினி, மாவில் என்றால் தத்துப்பூச்சி. ஆளை ஒழித்த பிறகு, லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சிய கஞ்சியை ஆறவைத்து வடிகட்டி, வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்து செதிலாக உரியும்போது கரியையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். ஆளை விட்டுவிட்டு மைதா மட்டும் அடித்தால் பத்து நாளில் மறுபடி கரி.

சின்னச் சின்னவை

மா, சப்போட்டாவில் காய்ந்த இலைகள் கொத்தாக நூலால் பின்னித் தொங்கினால், உள்ளே இலை பிணைக்கும் புழு. பிரித்துப் பார்த்தால் பின்பக்கமாகத் துள்ளி ஓடும். கொத்தோடு வெட்டி எரித்துவிடலாம்.

மாவிலையில் மிளகு மிளகாகக் கொப்புளம் இருப்பது ஒரு குட்டி ஈயின் வேலை. பார்க்க அசிங்கம், கன்றுக்குப் பெரிய கெடுதல் இல்லை, நான் விட்டுவிடுவேன்.

இலை ஓரம் பல் பல்லாகக் கடிபட்டிருந்தால் சாம்பல் நிறக் கூன்வண்டு. கீழே துணியை விரித்து, காலையில் கிளையை உலுக்கினால் விழும்.

நெல்லிக் கன்றில் நுனித்தண்டு விரல் மாதிரி வீங்கியிருந்தால் பிளந்து பாருங்கள், உள்ளே சுரங்கமும் புழுவும் இருக்கும். வீக்கத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் கிளை பக்கவாட்டில் துளிர்க்கும்.

கொய்யாவில் இளங்கொழுந்து திட்டுத் திட்டாகக் கறுத்து நுனி காய்கிறது, பிஞ்சில் சொரி சொரியாகத் தடிப்பு என்றால் தேயிலைக் கொசு. முதுகில் குண்டூசி நட்டது போல ஒரு முள் நிற்கும், வேறெதற்கும் அந்த அடையாளம் இல்லை. வெயில் ஏறும் முன்னும் சாயங்காலமும்தான் கண்ணில் படும், வேப்பெண்ணெயை அந்த நேரத்தில் அடித்தால்தான் பிரயோஜனம்.

முதல் காய் வந்த பிறகு

கன்று முதல்முறை காய்க்கும்போது நாலைந்து காய்தான் இருக்கும், அதிலும் புழு வந்தால் வயிறு எரியும். கொய்யாவில் பழ ஈ, மாதுளையில் பழத் துளைப்பான். இரண்டுக்கும் மருந்தைவிடத் துணிப்பைதான் நம்பகம். மாதுளைப் பிஞ்சு எலுமிச்சை அளவு ஆவதற்குள் மெல்லிய துணிப்பையோ பட்டர் பேப்பர் பையோ கட்டிவிடுங்கள், அதற்குள் முட்டை வைத்துவிட்டால் பை கட்டிப் பயனில்லை. விழுந்த கொய்யாவைத் தரையில் விடாதீர்கள். அதிலிருந்து புழு வளைந்து துள்ளி வெளியேறி மண்ணுக்குள் போய்த்தான் அடுத்த ஈயாக வரும். மீத்தைல் யூஜினால் பொறி ஒன்று தொங்கவிட்டால் ஆண் ஈக்களைப் பிடிக்கும். ஆனால் அக்கம்பக்கத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் வைத்தால், தெருவில் உள்ள ஈயெல்லாம் உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த கதைதான். நாலு வீட்டில் சேர்ந்து வையுங்கள்.

வேப்பெண்ணெய் கலப்பது

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தண்ணீரில் எண்ணெயை ஊற்றி, கடைசியில் சோப்பைப் போட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் தண்ணீர் வரும், கடைசியில் சுத்த எண்ணெய் வந்து கொழுந்தைப் பொசுக்கும். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் காதி சோப்பு ஒரு சிட்டிகை கரையுங்கள். அதில் 5 மில்லி வேப்பெண்ணெயை விட்டுப் பால் மாதிரி வெள்ளையாகும் வரை கலக்குங்கள். பிறகுதான் ஒரு லிட்டருக்குத் தண்ணீர் சேர்ப்பது. மேலே எண்ணெய்த் துளி மிதந்தால் அடிக்காதீர்கள், மறுபடி கலக்குங்கள். கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

சாயங்காலம் நாலரைக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள். முதலில் ஒரு கிளையில் அடித்து, ஒரு நாள் கழித்துப் பார்த்துவிட்டு மற்றதற்கு. ஒரு மே மாதம் பன்னிரண்டு மணி வெயிலில் அவசரப்பட்டு அடித்து, ஒரு மாங்கன்றின் முழுத் துளிரையும் நானே கருக்கியிருக்கிறேன். பூச்சி அந்தச் சேதம் செய்ய ஒரு வாரம் எடுத்திருக்கும். பூத்திருக்கும்போது அடிக்க வேண்டாம், தேனீ வரும் நேரம் அது.

வேப்பங்கொட்டைக் கரைசல் இன்னும் மென்மையானது. லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டினால் பால் போல வரும். சிட்டிகை சோப்பு சேர்த்து அன்றைக்குச் சாயங்காலமே தெளித்துவிடலாம்.

எல்லாம் பார்த்தும் பூச்சியே இல்லை என்றால்

இல்லாமலும் இருக்கலாம். இலையில் பெரிய பெரிய ஓட்டை, காலையில் வெள்ளிப் பூச்சு போலக் காய்ந்த கோடு தண்டில் இருந்தால் நத்தை, மழைக்காலத்தில் ராத்திரி டார்ச்சோடு போய்ப் பொறுக்க வேண்டியதுதான். நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் கொழுந்து மஞ்சளானால் இரும்புச் சத்துக் குறை. இலை நுனியும் ஓரமும் மட்டும் கருகினால் உப்பு.

எங்கள் இரண்டாவது எலுமிச்சைக்கு அப்படித்தான் ஆனது. இலை ஓரம் கருகி உதிர்ந்துகொண்டே இருந்தது. நான் ஒரு மாதம் லென்ஸும் டார்ச்சுமாக அலைந்தேன், வேப்பெண்ணெய் மூன்று தடவை அடித்தேன். கடைசியில் வீட்டம்மாதான் கேட்டார், "வாஷிங் மெஷின் தண்ணி எங்கே போகுதுன்னு பார்த்தீங்களா?" புதிதாகப் போட்ட குழாய் நேராக அந்தக் கன்றின் பாத்தியில் விழுந்துகொண்டிருந்தது. குழாயைத் திருப்பிவிட்டு, நல்ல தண்ணீரை நாலு நாள் நிறைய ஊற்றி மண்ணைக் கழுவினேன். அடுத்த மாதம் துளிர்த்தது, துளிரில் இலைத்துளைப்பானும் வந்தது.